கிட்டார் ஆம்புக்கு மூன்றாவது கம்பி எதற்கு?

பேனா மூடியால் சாக்கெட்டின் மேல் துளையை அழுத்திக்கொண்டு, கீழே உள்ள இரண்டு துளைகளில் வெளிநாட்டு இரண்டு பின் பிளக்கைச் செருகும் வித்தையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பயன்படுத்தும் சாக்கெட்டில் கீழ்த் துளைகளை ஒரு தடுப்பு மூடியிருக்கும். மூன்று பின் பிளக்கின் மேல் பின் மற்ற இரண்டைவிடச் சற்று நீளமானது. அது முதலில் உள்ளே போய்த் தடுப்பைத் திறக்கிறது; கூடவே கருவியைப் புவியோடு இணைத்தும் விடுகிறது. மின்சாரம் அதற்குப் பிறகுதான் வரும். பேனா மூடி செய்வது இதில் பாதி வேலையைத்தான். தடுப்பு திறக்கும், ஆனால் எர்த் எனப்படும் புவி இணைப்பு கிடைக்காது.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் காட்டும் கருவி ஒன்று உண்டு. 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய வால்வு கிட்டார் ஆம்ப்தான் அது. அதன் ஒலிக்காகவே இசைக் கலைஞர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

மின் கிட்டாரின் கம்பிகள் உலோகத்தால் ஆனவை. இரைச்சலைக் குறைப்பதற்காக அவற்றைக் கேபிளின் வெளி உறைக் கம்பியோடு இணைத்திருப்பார்கள். அந்த உறை, ஆம்பின் உலோகச் சட்டத்தில் போய் முடிகிறது. ஆகவே ஆம்பின் சட்டத்தில் என்ன மின்னழுத்தம் இருக்கிறதோ, அதுவே வாசிப்பவரின் விரல் நுனியிலும் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தை நாம் எப்போதாவதுதான் தொடுகிறோம். கிட்டார்காரரோ, வியர்த்த கையோடு மணிக்கணக்கில் ஆம்பைத் தொட்டுக்கொண்டே நிற்கிறார்.

அந்தக் காலத்து அமெரிக்க வீடுகள் பலவற்றில் சாக்கெட்டுக்கு இரண்டே துளைகள். பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். ஃபெண்டர் போன்ற நிறுவனங்களின் ஆம்புகளும் அதற்கேற்ப இரண்டு கம்பிகளோடுதான் வந்தன. எர்த் இல்லாததால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். அதைக் குறைக்க, மின்கம்பிகளில் ஒன்றுக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையில் சிறிய மின்தேக்கி ஒன்றை வைத்தார்கள். எந்தக் கம்பியோடு அதை இணைப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்சும் இருந்தது. இரைச்சல் கேட்டால் சுவிட்சைத் தட்டிப் பார், அவ்வளவுதான்.

அந்த மின்தேக்கியின் அளவு பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபேரட். அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கணக்குப் போட்டால், அதன் வழியே சுமார் 2 மில்லிஆம்பியர் மாறுதிசை மின்னோட்டம் பாயலாம். விரலில் சுருக்கென்று உறுத்தும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பழைய மின்தேக்கிகள் நாளாக ஆகப் பழுதடையும். உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிட்டால், 120 வோல்ட் நேராகச் சட்டத்துக்கு வந்துவிடும். பழுது பார்ப்பவர்கள் இதற்கு ‘மரண மின்தேக்கி’ என்று பெயர் வைத்திருப்பதில் மிகை எதுவும் இல்லை.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், இத்தனை நடந்தும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. சட்டம் வேறெதையும் தொடவில்லை, சுற்று முழுமையடையவில்லை. அதனால் பியூஸ் எரியாது, ஆம்ப் அருமையாகப் பாடிக்கொண்டிருக்கும். கிட்டார்காரர் பாடுவதற்காக மைக்கை நெருங்குகிறார். மைக் வேறொரு கருவி வழியாகப் புவியோடு இணைந்திருக்கிறது. உதடு மைக்கில் பட்டதும் கையிலிருந்து நெஞ்சைக் கடந்து உதடு வரை ஒரு பாதை உருவாகிறது. ஈரத்தோடு உடலின் தடை 1,500 ஓம் என்று வைத்துக்கொண்டு ஓம் விதியைப் போடுங்கள்: 120 ÷ 1,500, அதாவது 80 மில்லிஆம்பியர். வீடுகளில் மனிதரைக் காப்பதற்காக வைக்கப்படும் மின்கசிவுத் துண்டிப்பான், அதாவது ஆர்சிசிபி, 30 மில்லிஆம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடும். அதோடு ஒப்பிட்டால் 80 எவ்வளவு பெரிது என்பது புரியும்.

ஆபத்து மைக் பக்கத்திலிருந்தும் வரலாம். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் பிழைத்துக்கொண்டார். அவருடைய கிட்டார் மைக் தாங்கியில் பட்டதும் நினைவிழந்து விழுந்தார். ரப்பர் அடி வைத்த காலணிதான் காப்பாற்றியது என்று சொல்லப்படுகிறது.

இப்போது மூன்றாவது கம்பியைச் சேர்ப்போம். சட்டம் புவியோடு இணைந்துவிட்டது. மின்கம்பி சட்டத்தைத் தொட்டால் மின்னோட்டம் மனிதருக்காகக் காத்திருக்காது. பாதையின் தடை 1 ஓம் என்றால் 120 ஆம்பியர் பாயப் பார்க்கும். பியூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து, ஆம்ப் அடங்கிவிடும். பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை மனித உடலிடமிருந்து பியூஸுக்கு மாறுகிறது.

பழைய ஆம்பை மாற்றியமைக்கும் தொழில்நுட்பர் முதலில் மரண மின்தேக்கியை அகற்றிவிடுவார். பிறகு மூன்று கம்பி கொண்ட புதிய கேபிள். நம் நாட்டு நிறங்களில் பழுப்பு மின் கம்பி, நீலம் நடுநிலைக் கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் கம்பி. அமெரிக்கக் கேபிளில் அவை முறையே கறுப்பு, வெள்ளை, பச்சை. மின் கம்பி முதலில் பியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும் போகும். எர்த் கம்பிக்கென்று தனித் திருகாணி வேண்டும். வேறெதையும் பிடித்திருக்கும் திருகாணியைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. எர்த் கம்பியை மற்றவற்றைவிட நீளமாக விடுவார்கள். யாராவது கேபிளைத் தடுக்கி இழுத்தாலும் அதுதான் கடைசியாக அறுபட வேண்டும். சாக்கெட்டில் முதலில் நுழையும் பின்னும், உள்ளே கடைசியாக அறுபடும் கம்பியும் ஒரே யோசனையில் பிறந்தவை.

இந்த வேலையை நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும், உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கலாம்.

சில மலிவான பழைய ஆம்புகளில் மின்மாற்றியே இருக்காது. செலவை மிச்சப்படுத்த, வால்வுகளின் சூடேற்றும் இழைகளைத் தொடராக இணைத்து நேரடியாக மின்சாரம் கொடுத்திருப்பார்கள். 50சி5, 35டபிள்யூ4 என்ற வால்வுப் பெயர்களின் முதல் எண் அந்த இழைக்கு வேண்டிய வோல்ட்டைக் குறிக்கும். இவற்றுக்கு எர்த் கம்பி மட்டும் போதாது. தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றையும் சேர்த்தாக வேண்டும்.

எர்த் கொடுத்த பிறகு புதிய தொல்லை ஒன்று வரலாம். இரண்டு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டுகளில் எர்த் ஆகியிருந்து, ஆடியோ கேபிளும் அவற்றை இணைத்தால், எர்த் பாதை ஒரு வளையமாகி மீண்டும் இரைச்சல் கேட்கும். உடனே சிலர் எர்த் பின்னையே வெட்டி எறிகிறார்கள். இரைச்சல் போகும், மேலே சொன்ன ஆபத்து முழுதாகத் திரும்பி வரும். இரண்டு கருவிகளையும் ஒரே நீட்டிப்பு சாக்கெட்டில் செருகுவது பெரும்பாலும் போதும். அதிலும் தீராவிட்டால், ஆடியோ பாதையில் வைக்கும் தனிமைப்படுத்தும் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன.

அமெரிக்க ஆம்பை இங்கே பயன்படுத்த மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி தேவை. அதன் வெளிச் சாக்கெட்டில் எர்த் துளை இருக்கிறதா, அது உண்மையில் உள்ளே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் புதிதாகப் போட்ட பச்சைக் கம்பி அந்தப் பெட்டியோடு நின்றுவிடும்.

ஆம்பைத் திறக்காமலே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும், மறு முனையைக் கிட்டார் கேபிள் நுழையும் துளையின் உலோக வளையத்திலும் வையுங்கள். மீட்டர் ஏறக்குறைய 0 ஓம் காட்டினால் எர்த் கம்பி சட்டம்வரை சேர்ந்திருக்கிறது. அந்த வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் சட்டத்தின் ஏதாவதொரு திருகாணியைத் தொட்டுப் பாருங்கள். அங்கும் மீட்டர் அசையவில்லை என்றால், தொழில்நுட்பர் பார்க்கும்வரை அந்த ஆம்பில் வாசிக்காதீர்கள்.