பெட்டிகளின் சத்திரம்

சென்னை கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தபோது தராசு 22.6 காட்டியது. வீட்டில் எடை மெஷின் மேல் நான்கு முறை ஏற்றி இறக்கிக் கட்டிய பெட்டி. தேங்காய் எண்ணெய் பாட்டிலா, ஒரு கிலோ அல்வாவா என்று கடைசிவரை போட்டி நடந்து, இரண்டுமே எப்படியோ உள்ளே இடம் பிடித்துவிட்டன. கவுண்டரில் இருந்த பெண் கைப்பிடியில் நீளமான வெள்ளை டேக்கைச் சுற்றி ஒட்டினார். அதன் வாலில் இருந்த குட்டி ஸ்டிக்கர்களில் ஒன்றைப் பெட்டியின் முதுகிலும் இன்னொன்றை என் போர்டிங் பாஸிலும் ஒட்டிவிட்டு, "மெல்போர்ன்ல எடுத்துக்குங்க சார்" என்றார். பெட்டி ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மறைந்தது.

நடுவே சிங்கப்பூர் சாங்கியில் பதினான்கு மணி நேரம். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததற்கு அதுதான் வட்டி.

பதினான்கு மணி நேரத்தை நான் எப்படிக் கழிப்பேன் என்பது ஓரளவு தெரியும்: நாற்காலி, காபி, வேறொரு நாற்காலி. ஆனால் பெட்டி? அதுவும் என்னோடுதான் விடிகாலையில் இறங்குகிறது. அதற்கும் அடுத்த விமானம் ராத்திரிதான். அத்தனை நேரம் அது எங்கே கிடக்கும் என்ற யோசனை, இறங்கி முதல் காபியை வாங்கும்போதுதான் வந்தது.

போர்டிங் பாஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். பத்து இலக்கங்கள். டேக்கில் பெரிதாக அச்சடித்திருக்கும் மூன்றெழுத்து ஊர்க்குறி மனிதர் கண்ணுக்கானது. (சென்னைக்கு இன்னமும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.ஏ.தான், ஊர் பேர் மாறினாலும் பெட்டிக்கு மாறவில்லை.) இயந்திரம் வாசிப்பது பார்கோடை. அதற்குள் ஊரும் கிடையாது, என் பெயரும் கிடையாது; இந்தப் பத்து இலக்கம் மட்டும்தான். முதல் இலக்கம் இது எந்த வகை டேக் என்று சொல்லும். அடுத்த மூன்று, விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. மீதி ஆறும் வரிசை எண். வண்டி நம்பர் போலத்தான். தொழிலில் இருப்பவர்களும் இதை லைசென்ஸ் பிளேட் என்றே சொல்கிறார்கள்.

ஊர் பேர் இல்லாத பெட்டி எப்படி ஊர் போய்ச் சேருகிறது? பெட்டிக்கு முன்னால் அதன் சேதி போய்விடுகிறது. 'இந்த எண்ணுள்ள பெட்டி இந்த விமானத்தில் வருகிறது, அடுத்து இந்த விமானத்தில் ஏற வேண்டும்' என்று ஒரு சின்னத் தகவல், நான் நடுவானில் இருக்கும்போதே சாங்கியின் கணினிக்குப் போயிருக்கும். அங்கே பெல்ட்டின் மேல் வளைவு போல நிற்கும் ஸ்கேனர்களின் அடியில் பெட்டி நுழைகிறபோது எண் படிக்கப்படும், சேதியோடு பொருத்தப்படும், திசை முடிவாகும். பெட்டி எப்படிப் புரண்டு வந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் டேக்கில் ஒரே பார்கோடை நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக அடித்திருக்கிறார்கள். டேக் கசங்கியிருந்தாலோ, சேதி வந்து சேராமல் போனாலோ பெட்டி ஓரமாக ஒதுக்கப்பட்டு ஓர் ஆளின் முன் போய் நிற்கும். அவர் கண்ணால் பார்த்துக் கையால் எண்ணை அடிப்பார். போன பயணத்தின் ஸ்டிக்கர் உரிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்கேனர் குழம்பிப்போகும். வீட்டில் பெட்டி கட்டும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுப்பதுதான். என் பெட்டியில் இரண்டு இருந்தன.

பெரிய நிலையங்களில் ஒவ்வொரு பெட்டியையும் தனித் தட்டில் ஏற்றித் தண்டவாளம் போன்ற தடத்தில் ஓட்டுகிறார்கள். நொடிக்கு 10 மீட்டர் வரை போகக்கூடிய அமைப்புகள் உண்டு. நம் ஊர்த் தெருவில் ஆட்டோ போகும் வேகம். ஆனால் என் பெட்டிக்கு வேகம் பயன்படாது. அதன் பிரச்சினையே சீக்கிரம் வந்துவிட்டதுதான். ஒரு விமானத்துக்கான பெட்டிகளைச் சேர்த்து அடுக்கும் தளம், அது புறப்படச் சில மணி நேரம் முன்புதான் திறக்கும். அதற்கு முன்னால் வருகிற பெட்டிகளுக்கென்று தனிக் கூடம் வைத்திருக்கிறார்கள். ஏர்லி பேக் ஸ்டோர் என்று பெயர். மாடி மாடியாக இரும்பு அடுக்குகள். நடுவே மேலும் கீழும் ஓடும் கிரேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இடம். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல, நேரம் வந்ததும் கிரேன் போய்க் குறிப்பிட்ட பெட்டியை மட்டும் உருவிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் போகும் வழியில் சத்திரங்கள் இருந்தனவே, அதுபோல பெட்டிகளுக்கு ஒரு சத்திரம். கிரேனும் ரிப்பேர்காரர்களும் தவிர வேறு யாரும் நுழையாத சத்திரம்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. நான் வெறுக்கும் அந்தப் பதினான்கு மணி நேரம்தான் என் பெட்டிக்கு நல்ல காலம். விமான நிலையங்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் செய்துதரும் சீட்டா என்ற அமைப்பு ஆண்டுதோறும் தவறிய பெட்டிகளின் கணக்கை வெளியிடுகிறது. 2007-இல் ஆயிரம் பயணிகளுக்குக் கிட்டத்தட்ட 19 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ வந்தன, அல்லது தொலைந்தன. 2023-இல் அது 6.9 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் தாமதமாக வந்தவற்றில் 46 சதவீதம் விமானம் மாறும் இடத்தில் தவறியவை. ஐம்பது நிமிடத்தில் நான் மூச்சிரைக்க ஓடி அடுத்த கேட்டைப் பிடித்துவிடுவேன். பெட்டி, கன்டெய்னரிலிருந்து இறங்கி, வண்டியில் ஏறி, பரிசோதனை முடிந்து, மறுபடி கன்டெய்னரில் ஏற வேண்டும். அதற்குக் கால் இல்லை. எனக்குக் குறுகிய இடைவேளை வேண்டும், பெட்டிக்கு நீண்டது வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது நாம் யாரும் பெட்டியின் பக்கம் நின்று யோசிப்பதில்லை.

பெட்டி தானாகவே விமானம் மாறிப் போகும் இந்தச் சொகுசு ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்களுக்குத்தான். தனித்தனியாக எடுத்திருந்தால் பெரும்பாலும் பெட்டியை நாமே வாங்கி மறுபடி போட வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்குள் நுழைகிறவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து மும்பை வழியாக மதுரை வருகிறவருக்கும் பெரும்பாலும் அதே பாடுதான்.

பெட்டியும் ஆளும் இப்படி இரண்டு வழியாகப் பிரிந்து போனாலும், ஆளை விட்டுப் பெட்டி பறக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது பிறந்த கதை ஓர் இந்திய விமானத்தோடு சேர்ந்தது. 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவரில் ஒருவர் தன் பெட்டியை டொரன்டோ வழியாக ஏர் இந்தியா 182-க்கு மாற்றி அனுப்பச் சொன்னார். அந்த விமானத்தில் அவருக்கு இடம் உறுதியாகியிருக்கவில்லை. கவுண்டரில் முதலில் மறுத்தார்கள். அவர் விடாமல் வாதாடியதும் டேக் போட்டுவிட்டார்கள். பெட்டி போனது, ஆள் ஏறவே இல்லை. மறுநாள் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடலின் மேல் விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு ஜப்பானின் நரிட்டாவில், இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி ஒன்று தரையிலேயே வெடித்தது. பெட்டிகளைக் கையாண்டுகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பெட்டியும் உடையவர் ஏறாமல் தனியாக வந்ததுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பர் 21 அன்று, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேல் பான் ஆம் 103 வெடித்து 270 பேர் இறந்ததும், விமானம் மாறி வந்த ஆளில்லாப் பெட்டி ஒன்றால்தான்.

அதன் பிறகுதான் ஆளையும் பெட்டியையும் பொருத்திப் பார்ப்பது கறாரான நடைமுறை ஆனது. கேட்டில் என் போர்டிங் பாஸ் 'பீப்' என்று ஒலிக்கும் வரை கீழே இருக்கும் என் பெட்டி சந்தேகத்துக்குரியதுதான். நான் எங்காவது தூங்கிப்போய் வராமல் இருந்தால், அதைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும். எந்தப் பெட்டி எந்தக் கன்டெய்னரில் என்று ஏற்றும்போதே ஸ்கேன் செய்து வைப்பதால் இப்போது தேடுவது எளிது. சின்ன விமானங்களில் கன்டெய்னர் இல்லாமல் பெட்டிகளைக் கையாலேயே அடுக்குவார்கள். அங்கே ஒரு பெட்டிக்காக ஒரு குவியலையே கலைக்க வேண்டிவரும். "சில பயணிகள் வராததால் தாமதம்" என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். நரிட்டாவின் அந்த இரண்டு பேரைப் பற்றிப் படித்த பிறகு கடிப்பதில்லை.

சரி, மேலே காத்திருக்கும் பெட்டியைப் பார்ப்போம், அதாவது என்னை.

விசா இல்லாததால் வெளியே போக வழியில்லை. உலகின் மிக உயரமான உள்ளரங்க நீர்வீழ்ச்சி, 40 மீட்டர், ஜுவல் கட்டடத்தில் கொட்டுகிறது. ஆனால் அது குடியேற்றச் சோதனையைத் தாண்டிய பக்கம். டெர்மினல்களுக்கு நடுவே ஓடும் ரயிலின் கண்ணாடி வழியே அரை நிமிடம் பார்த்ததோடு சரி. மூன்றாம் டெர்மினலுக்குள்ளேயே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கூட்டுப்புழுக்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்று வெடித்து, நனைந்த காகிதச் சுருள் மாதிரி ஏதோ வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. இறக்கை என்று சொல்லவே முடியாது. வயிற்றைச் சுருக்கிச் சுருக்கி உடல் திரவத்தை இறக்கையின் நரம்புகளுக்குள் அது தள்ள, சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்தது. விரிந்த பிறகும் பறக்கவில்லை. இறக்கை காய்ந்து விறைக்க வேண்டுமே. நானும் அதுவும் காத்திருந்தோம். நிமிர்ந்து மணி பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருந்தது.

கேட்டுக்கு எதிரே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் அதே ஒன்றேகால் மணி மூன்று மணியாக நீண்டிருக்கும். நேரத்தைக் கவனிக்கக் கவனிக்க நேரம் நீளும் என்பது உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். இன்னொரு வேடிக்கை, நினைவில் இது தலைகீழாகிவிடும். சும்மா கழிந்த நீண்ட மணிகள் பின்னால் நினைத்துப் பார்த்தால் சுருங்கிப்போகும். புதிதாக எதையாவது பார்த்த மணிகள் விரியும். ஹூஸ்டன் விமான நிலையக் கதை ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டி வரத் தாமதம் என்று ஓயாமல் புகார். ஆட்களைக் கூட்டியும் புகார் நிற்கவில்லை. கடைசியில், இறங்கும் இடத்திலிருந்து பெட்டி எடுக்கும் இடத்தைத் தூரத்துக்கு மாற்றினார்கள். பயணிகள் ஆறு மடங்கு தூரம் நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது பெட்டி வந்திருந்தது. மொத்த நேரம் குறையவில்லை, புகார்தான் அடங்கியது. இதைப் புத்திசாலித்தனம் என்பதா ஏமாற்று என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மத்தியானம் தூக்கம் தள்ளியது. சாய்ந்து படுக்க நாற்காலிகள் உண்டு. பக்கத்தில் ஒருவர் எழும்பூர் பிளாட்பாரத்தில் படுப்பதுபோலவே கைப்பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். அவர் மூளையும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கும். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புது இடத்தில் முதல் இரவு தூங்குகிறவர்களின் மூளையை அளந்து பார்த்தார்கள். வலது பாதி ஆழ்ந்து தூங்க, இடது பாதி அந்த அளவுக்கு ஆழவில்லை. இடது பாதிக்குச் செய்தி கொண்டுபோகும் வலது காதில் வித்தியாசமான ஒலி கேட்டால் சட்டென்று விழித்துக்கொண்டார்கள். பாதி மூளை தூங்க, பாதி மூளை காவல். இதைப் படித்திருந்ததால் வலது காதைப் பையின் மேல் அழுத்தி ஒருக்களித்துப் படுத்தேன். விஞ்ஞானம் வேலை செய்ததோ களைப்போ, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஆறு மணி வாக்கில் கேட் பக்கம் நடந்தபோது கீழே கிரேன் என் பெட்டியை உருவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அல்வாவை நினைத்துத்தான் கொஞ்சம் பயம். பெட்டிக்குள் இருப்பதைச் சோதிக்கும் ஸ்கேனர்கள் ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனின் உறவுக்காரர்கள். பொருளின் அடர்த்தியைக் கணக்கிட்டு வெடிபொருளோ என்று சந்தேகிப்பவை. சாக்லேட், பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியான தின்பண்டங்களைப் பார்த்தாலும் சில சமயம் கூச்சல் போடும். ஒரு கிலோ திருநெல்வேலிச் சரக்கு அதன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ.

மெல்போர்னில் ஜூலைக் குளிர். பெட்டி எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தது, தொட்டால் ஜில்லென்று. விமானத்தின் அடிவயிற்றில் காற்றழுத்தம் நாம் உட்காரும் இடத்தில் இருப்பதுதான், வெப்பம்தான் குறைவு. தின்பண்டத்தை அறிவித்துக் காட்டி வெளியே வந்து, அக்கா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். அல்வா பத்திரம்.

"எண்ணெய் உறைஞ்சே போச்சுடா" என்று பாட்டிலை எடுத்துக் காட்டினாள் அக்கா.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். அது அதிசயமில்லை. முக்கால் பாட்டில் எண்ணெய், நிற்கும் பாட்டிலில் காலி இடம் மூடிக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே அது பாட்டிலின் விலாப் பக்கம், நீளவாக்கில் ஓடியது. லேபிள் பெட்டியின் மூடியைப் பார்க்கும்படி வைத்திருந்தேன். பெட்டி மல்லாந்து கிடந்திருந்தால் காலி இடம் லேபிளுக்கு நேர் அடியில் வந்திருக்கும். அது லேபிளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. கார் வரை பெட்டியை நிற்க வைத்துத்தான் உருட்டி வந்தேன். அதற்குள் எண்ணெய் இறுகிவிட்டிருந்தது.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டியும் ஒருக்களித்துத்தான் படுத்து வந்திருக்கிறது.