2,430 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நாடி

பள்ளிக் கணிப்பொறி ஒன்று திடீரென மந்தமாகிவிட்டால் என்ன செய்வோம்? அதன் முன் உட்கார்ந்து, எந்தெந்தச் செய்நிரல்கள் ஓடுகின்றன, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்போம். கணிப்பொறி வெகு தொலைவில் இருந்தால்? அதனுள்ளேயே ஒரு சிறு செய்நிரலை வைத்துவிடுவார்கள். அது இந்தக் கணக்கை அவ்வப்போது எடுத்து நமக்கு அனுப்பும். விண்கலங்களும் இப்படித்தான் தம் நலச் செய்தியை அனுப்புகின்றன. பெங்களூருக்கு அருகே பயலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆண்டெனா, நம் நாட்டு விண்கலங்களின் செய்திகளைப் பெறுகிறது.

ஆனால், செய்தி அனுப்பும் பகுதியே நோயுற்றால்?

1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர்-1 கலத்துக்கு அதுதான் நேர்ந்தது. 2023 நவம்பர் 14 முதல் அதன் வானொலி அலை வந்தது, பொருள் வரவில்லை. 0, 1 என்ற இலக்கங்கள் ஒரே பாங்கில் திரும்பத் திரும்ப வந்தன. அளவீடுகளைத் தொகுத்து அனுப்பும் கணிப்பொறி பழுதாகியிருந்தது.

அப்போது கலம் இருந்த தூரம் ஏறத்தாழ 2,430 கோடி கி.மீ. அதை ஒளியின் வேகமான நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால் வகுத்துப் பாருங்கள்: 81,000 நொடி, அதாவது 22½ மணி. காலை 8 மணிக்குத் திருப்பரங்குன்றத்தில் நீங்கள் பள்ளிக்குப் புறப்படும்போது ஒரு கேள்வி அனுப்பினால், பதில் மறுநாள் கூட வராது. அதற்கடுத்த நாள் அதிகாலை 5 மணிக்கே வந்து சேரும்!

2024 மார்ச் 1 அன்று பொறியாளர்கள் ஒரு கட்டளை அனுப்பினர். மார்ச் 3 அன்று வந்த பதில் சற்று மாறுபட்டிருந்தது. ஆராய்ந்தபோது, அந்தக் கணிப்பொறியின் நினைவகம் முழுவதும் அதில் பதிவாகியிருப்பது தெரிந்தது. கலம் நலமாயிருந்தபோது எடுத்த பழைய பதிவோடு அதை ஒப்பிட்டனர். நினைவகத்தில் சுமார் 3 விழுக்காடு கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சில்லு.

சில்லை மாற்ற யார் போவது? அதிலிருந்த செய்நிரலை வேறிடம் மாற்றலாம் என்றால், மொத்தமாகக் கொள்ளும் காலியிடம் எங்கும் இல்லை. நூலகத்தில் ஓர் அலமாரியைக் கறையான் அரித்தால், நூல்களை மற்ற அலமாரிகளில் பிரித்து வைத்து, பட்டியலில் இட எண்களைத் திருத்துவோம் அல்லவா? அதையே செய்தனர். ஏப்ரல் 18 அன்று முதல் திருத்தம் புறப்பட்டது. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதங்களுக்குப் பின், கலத்தின் நலச் செய்தி வந்தது.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். பள்ளிக் கணிப்பொறி நன்றாக ஓடும் நாளிலேயே அதன் நினைவகக் கணக்கைக் குறித்து வையுங்கள். நலமாயிருந்த நாளின் கணக்கு கையில் இருந்தால்தான், கெட்டது எது என்று கண்டுபிடிக்க முடியும்.