கனவுகள் திரும்பும் வாரம்

கஞ்சாவை விட்ட மூன்றாம் இரவிலோ நான்காம் இரவிலோ கனவுகள் வந்து மொய்க்கத் தொடங்கும். வருஷக்கணக்கில் கனவே கண்டதில்லை என்பவர்கூட இறந்துபோன தாத்தாவோடு பேசுவார். பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்டதாகக் கண்டு அலறி எழுவார். விட்டதையே மறுபடி இழுத்துவிட்டதாகக் கனவு கண்டு, விழித்த பின்னும் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பனியன் வேர்வையில் நனைந்திருக்கும். மணி இரண்டரை. ஆறு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ‘இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது’ என்று பலர் உறுதியாக நம்பத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். அந்த நம்பிக்கை தவறு. அந்த இரவில் மூளைக்குள் நடப்பது சீரமைப்பு வேலை. அது தெரிந்தவருக்கு அந்த வாரத்தைத் தாண்டுவது கொஞ்சம் எளிது.

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில் தூக்கம் கம்பெனி பஸ்ஸின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. காலை 6 முதல் 2, 2 முதல் 10, 10 முதல் 6 என்று பல ஆலைகளில் மூன்று ஷிஃப்ட்; வாரம் மாறினால் ஷிஃப்டும் மாறும். ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கியிருப்பார்கள். ஒருவர் எழுந்துபோன பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். நைட் முடித்து வந்து, பகல் வெளிச்சத்தில் புரண்டு புரண்டு படுக்கும் பையனிடம் ‘ரெண்டு இழுப்பு இழு, தூங்கிடுவே’ என்று யாராவது நீட்டினால், அவன் வாங்குவது போதைக்காக மட்டும் அல்ல. போதைக்காகத் தொடங்கியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தூக்கத்துக்காகத் தொடங்கியவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்தியாவில் பாங், கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு அந்தப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவை.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் கவோனியும் தனியே பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பது தெரிய 1988 ஆயிற்று. சிபி1 என்ற அந்த ஏற்பி, மூளையில் மிக அதிகமாகக் காணப்படும் ஏற்பி வகைகளில் ஒன்று. ஒரு செடியின் ரசாயனத்துக்காக மூளை இத்தனை ஏற்பிகளை வைத்திருக்குமா? மூளையே தனக்கென்று ஒரு பொருளைச் சுரந்தாக வேண்டும் என்று தேடினார்கள். 1992இல் அது கிடைத்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகைப் பொருள்கள் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றுவரை வியப்பு. நரம்பு செல்களுக்கு இடையே செய்தி வழக்கமாக ஒரே திசையில்தான் போகும்: அனுப்பும் செல்லிலிருந்து வாங்கும் செல்லுக்கு. இவை எதிர்த்திசையில் நகர்கின்றன. செய்தி வாங்கும் செல் இவற்றைச் சுரந்து, அனுப்பும் செல்லிடம் ‘போதும், குறைத்துக்கொள்’ என்று சொல்கிறது. 2001இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் இதைக் கண்டறிந்தன. பதற்றம் தணிவது, பசி எடுப்பது, தூக்கத்துக்குள் இறங்குவது என்று பலவற்றில் இந்த அடக்கும் குரலுக்குப் பங்கு இருக்கிறது.

தினமும் கஞ்சா புகைக்கும்போது இந்த ஏற்பிகள் மேல் டிஎச்சி வெள்ளமாகப் பாய்கிறது. செல் என்ன செய்யும்? ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்றாடம் புகைப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைப் புறணியில் சிபி1 ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. முன்பு இரண்டு இழுப்புக்குத் தூங்கியவருக்கு இப்போது முழு பொட்டலமும் போதாமல் போவதற்கு இது ஒரு காரணம். அந்த நிலையில் திடீரென நிறுத்தினால் வெளியிலிருந்து வந்த டிஎச்சியும் இல்லை, உள்ளே போதுமான ஏற்பிகளும் இல்லை. ‘போதும்’ என்று சொல்லும் குரல் மங்கிவிடுகிறது. எரிச்சல், படபடப்பு, சாப்பாடு இறங்காமை, வேர்வை, தூக்கமின்மை எல்லாம் அதனால் வருகின்றன.

ஏற்பிகள் திரும்பி வருகின்றன என்பதுதான் இதில் பெரிய செய்தி. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய இரண்டே நாளில் மீட்சி தொடங்கியிருந்தது. முன்னர் சொன்ன 2012 ஆய்விலும் சுமார் நான்கு வாரங்களில் மூளையின் பெரும்பாலான பகுதிகளில் ஏற்பிகள் பழைய அளவுக்கு வந்திருந்தன. ஒருவர் தன் அறையில் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும் அதே மணி நேரங்களில் இந்த வேலை நடக்கிறது.

கனவுகளின் கதையும் இதை ஒட்டியதுதான். நாம் பெரும்பாலும் கனவு காண்பது, மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் ரெம் என்ற தூக்கக் கட்டத்தில். டிஎச்சி அந்தக் கட்டத்தைச் சுருக்கிவிடுகிறது என்றும், நிறுத்தியதும் அது வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கி வருகிறது என்றும் 1975இலேயே தூக்க ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்துவிட்டார்கள். ஆக, கனவுகள் புதிதாக முளைத்தவை அல்ல. இத்தனை காலம் அடக்கி வைக்கப்பட்டிருந்தவை.

அறிகுறிகள் பொதுவாக முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கி, முதல் வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு வாரங்களில் பெருமளவு தணியும். தூக்கக் குறைவும் விசித்திரக் கனவுகளும் மட்டும் இன்னும் சில வாரங்கள் இழுக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினாலும் சரி, அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்தாலும் சரி, பெரும்பாலானவர்களுக்கு உயிராபத்து இல்லை. தினமும் மதுவும் குடிப்பவர் கதை வேறு. நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகும். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி டீக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. நம் பக்கம் கஞ்சாவைப் பெரும்பாலும் பீடியிலோ சிகரெட்டிலோ புகையிலையோடு கலந்துதான் இழுக்கிறார்கள். புகையில் இருக்கும் சில சேர்மங்கள், கல்லீரலில் காபீனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடும். அதனால் புகைப்பவர் உடம்பிலிருந்து காபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. கஞ்சாவோடு புகையிலையையும் விட்டவரிடம் இந்த நொதி சில நாட்களில் அடங்கிவிடும். அவர் வழக்கம்போல ஷிஃப்ட் இடைவேளையில் அதே டீ, காபியைத்தான் குடிப்பார். ரத்தத்தில் காபீன் மட்டும் முன்னைவிட அதிக நேரம் தங்கும். போதாததற்கு நிக்கோடின் இல்லாத தவிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். தூங்கப்போகும் நேரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே கடைசி டீயை முடித்துக்கொண்டு, மொத்தத்தையும் பாதியாக்கினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கடிகாரம். ஓசூரைச் சுற்றிச் சாமந்தி வளர்ப்பவர்கள் இரவில் விளக்கெரிப்பது உண்டு. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் சாமந்தி மொட்டுவிடும். இரவின் நடுவே வெளிச்சம் பட்டால், இரவு குறுகிவிட்டது என்று கணக்கிட்டு அந்தச் செடி பூப்பதைத் தள்ளிப்போடும். நம் மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் சுமார் 20,000 செல்கள் கொண்ட கடிகாரமும் இப்படித்தான் ஒளியை வைத்து நேரம் பார்க்கிறது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். ஷிஃப்ட் ஒரே நாளில் எட்டு மணி நேரம் நகர்கிறது. கடிகாரம் எட்டிப்பிடிப்பதற்குள் அடுத்த வாரம் வந்துவிடுகிறது. கஞ்சா விட்டவரின் தூக்கமின்மையில் ஒரு பங்கு கஞ்சாவினால் வருவதே அல்ல, இந்த ஷிஃப்ட் மாற்றத்தால் வருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பழி முழுவதும் தன் மனவலிமையின் மேல் விழும்.

ஆகவே எந்த வாரத்தில் தொடங்குவது என்பது முக்கியம். என் யோசனை செகண்ட் ஷிஃப்ட் வாரம். மூன்று ஷிஃப்டிலும் அதிக நேரம் தூங்க முடிவது அதில்தான். இரவு 10 மணிக்கு வேலை முடிந்து வந்தவர், காலையில் எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை. நைட் ஷிஃப்டில் தொடங்குவது மிகக் கடினம். வாய்ப்பிருந்தால் சூப்பர்வைசரிடம் சில வாரம் ஜெனரல் ஷிஃப்ட் கேட்கலாம். கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். காரணத்தைத் துருவாமல் கொடுக்க வேண்டும்.

மாத்திரை இல்லாமல் தூக்கத்தைத் திருப்பும் முறைகளில் நன்றாகச் சோதிக்கப்பட்டது, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதன் ஓர் அங்கத்தை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். படுக்கை தூக்கத்துக்கு மட்டும்; அங்கே போன் வேண்டாம். இருபது நிமிடம் போல் கழிந்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கும்போது திரும்ப வந்து படுக்க வேண்டும். அந்த ஷிஃப்ட் வாரம் முழுக்க எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒற்றை அறையில் ஐந்து பேரோடு இருப்பவருக்கு இது சுலபமில்லை என்று தெரியும். வாசற்படியிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்தாலும் போதும். படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. அதை மெஷின் ஓட்டுபவரும், விடியற்காலையில் தேசிய நெடுஞ்சாலையில் பைக்கில் திரும்புபவரும் தாமாகச் செய்யக் கூடாது. பகலில் கண் அயர்ந்துவிடும்.

கஞ்சாவுக்குப் பதில் குவார்ட்டர் என்று போகிறவர் அதிகம். மது படுத்தவுடன் தூங்க வைக்கும். இரவின் பின்பாதியைத் துண்டு துண்டாக்கும். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டில்லாமல் கடைக்காரர் தரக் கூடாது. தந்தாலும் வாங்க வேண்டாம். குறிப்பாக அல்பிரசோலத்தை நாள்பட எடுத்தால், விடுவது கஞ்சாவை விடுவதைவிடக் கடினம்.

இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, காதில் குரல் கேட்டாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். போலீஸ் பயத்தில் பலர் போவதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முழுமையாக முடித்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து அது பாதுகாக்கிறது. ஓசூரில் பெங்களூரு பஸ் ஏறினால், போதை மீட்பு சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு கொண்ட நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்புபவருக்கு டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்பதால், செகண்ட் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்த பிறகும் கூப்பிடலாம்.