செம்பரம்பாக்கம் திறந்தால் முடிச்சூர் மூழ்குமா?

"ஏரியைத் திறந்துட்டாங்களாம்!"

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தாம்பரத்தில் இதே பேச்சுதான். டீக்கடையில் ஒருவர் சொல்வார். அது மின்சார ரெயில் ஏறி பல்லாவரம் போவதற்குள் "ரெண்டு மணி நேரத்துல தண்ணி வந்துடும்" என்று வளர்ந்து விடும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் துணிமணிகளை மாடிக்கு ஏற்றத் தொடங்கி விடுவார்கள்.

2015-ம் ஆண்டு பட்ட அடி அப்படி!

ஒரு வினாடிக்கு 68 லாரி

அந்த ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி செம்பரம்பாக்கத்தில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அதாவது 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 68-ஐ ஒவ்வொரு வினாடியும் கவிழ்த்தது மாதிரி. குன்றத்தூர் முதல் சைதாப்பேட்டை வரை அடையாற்றின் இரு கரையும் மூழ்கின.

"இது மனிதரால் நேர்ந்த பேரிடர்" என்று 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை கூறியது. அரசு இதை மறுத்தது.

ஏரியில் இருந்து வெளியேறும் தண்ணீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரோ அதற்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா?

அப்படியானால் முடிச்சூரை முழுகடித்தது எது? ஆதனூர், மண்ணிவாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டி மீட்டர்! ஆனாலும் செம்பரம்பாக்கத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லி விட முடியாது. திருநீர்மலையில் ஆறு நிரம்பி நின்றால், மேலே தேங்கிய தண்ணீர் வடிய வழி ஏது?

இரண்டு எஜமானர்கள்

ஒரு காலத்தில் இது வயலுக்குப் பாய்ந்த ஏரி. இப்போது சென்னையின் குடிநீர்த் தொட்டி. ஆழம் 24 அடி. கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. பூண்டியில் இருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரும் வருகிறது.

குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் ஏரி நிரம்பி இருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்றால் காலியாக இருக்க வேண்டும். அதிகாரி எதைத்தான் செய்வார்? 2019 கோடையில் ஏரி வறண்டு, நகரமே குடத்தோடு தெருவில் நின்றது. அடுத்த ஆண்டு நவம்பர் 25-ந்தேதி, நிவர் புயலின்போது, 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்தார்கள். முதலில் விட்டது ஆயிரம் கன அடிதான்.

காய்ந்த வாய்க்கால்

பெரிய ஏரியானாலும் அணையானாலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொண்டால், கீழே உள்ள வாய்க்கால் ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தவன், "இங்கே ஆறு எங்கேப்பா இருக்கு?" என்று மனை போடுவான். வாங்குகிறவனும் மாசி மாதத்தில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பான். நாணலும் ஆகாயத்தாமரையும் மண்டும். கடலோரத்திலும் இதே கதைதான். ஆற்றில் ஓட்டம் இல்லாவிட்டால் அடையாறு முகத்துவாரத்தை மணல் திட்டு அடைக்கிறது. கடல் நீர் உள்ளே வந்து போகாவிட்டால் கழிமுகத்தில் மீன் ஏது, நண்டு ஏது?

எனவே, மழைக் காலத்தில் ஏரி எத்தனை அடி என்று மட்டும் பார்த்தால் போதாது. வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முடிச்சூர்காரர்கள் அதோடு ஆதனூர் ஏரி வழிகிறதா என்றும் விசாரிப்பது நல்லது.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் பயம் வேண்டாம். அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேருகிறது. 2022-ல் உலக ராம்சார் பட்டியலில் இடம் பிடித்த அந்தச் சதுப்பைச் சுற்றி எழுந்திருக்கும் கட்டிடங்களை எண்ணிப் பார்த்தால், அவர்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்துக்கு!