தெளிப்புத் தக்கைப் பூச்சு

தெளிப்புத் தக்கைப் பூச்சு என்பது, பொடியாக்கிய தக்கையை நீர் சார்ந்த அக்ரிலிக் பிசினுடனும் நிறமிகளுடனும் கலந்து, காற்றழுத்தத் துப்பாக்கியால் கட்டிடச் சுவர்களின் மீது தெளிக்கப்படும் பூச்சு ஆகும். போர்த்துகல், எசுப்பானியா, பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளில் இது வீடுகளின் வெளிச்சுவர்களுக்கும், சில வேளைகளில் உட்சுவர்களுக்கும் பயன்படுகிறது. காய்ந்த பூச்சின் தடிப்பு பொதுவாகச் சில மில்லிமீட்டர்களே.

மூலப்பொருள்

தக்கை, நடுநிலக்கடலின் மேற்குப் பகுதியில் வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டை ஆகும். உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துகலில் இருந்து கிடைக்கிறது. மரம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதன்முறை பட்டை உரிக்கப்படும். அதன் பின் குறைந்தது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை உரிக்கலாம். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. போத்தல் மூடிகள் செய்தபின் எஞ்சும் துண்டுகளே பெரும்பாலும் பொடியாக்கப்படுகின்றன.

1665 இல் இராபர்ட் ஊக் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டது தக்கையின் அறைகளையே. காற்று நிறைந்த இந்த மூடிய அறைகள் வெப்பம் கடப்பதைத் தடுக்கின்றன. அறைச் சுவர்களில் உள்ள சூபெரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் நீரை உட்புக விடுவதில்லை.

வெப்பக் காப்பு எவ்வளவு?

இப்பூச்சைப் பற்றி மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. தக்கை நல்ல வெப்பக் காப்புப் பொருள் என்பது உண்மை. ஆனால் காப்பு, பொருளின் தன்மையை மட்டுமன்றித் தடிப்பையும் பொறுத்தது. வெப்பத் தடை என்பது தடிப்பை வெப்பக் கடத்துமையால் வகுக்கக் கிடைப்பது.

எடுத்துக்காட்டாக, பிரித்தானியாவின் பழைய வீடுகளில் காணப்படும் 215 மில்லிமீட்டர் தடிப்புள்ள செங்கற் சுவரை எடுத்துக்கொள்வோம். இருபுறத்துக் காற்றுப் படலங்களையும் சேர்த்து அதன் வெப்பத் தடை ஏறத்தாழ 0.45 ச.மீ.கெல்வின்/வாட். பிசின் கலந்திருப்பதால் பூச்சின் கடத்துமையை 0.08 வாட்/மீ.கெல்வின் எனக் கொண்டால், 4 மில்லிமீட்டர் பூச்சு கூட்டுவது 0.05 மட்டுமே. அதாவது சுவர்வழி வெப்ப இழப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். 100 மில்லிமீட்டர் தக்கைப் பலகையோ (கடத்துமை சுமார் 0.04) 2.5 கூட்டி, இழப்பை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடும். எனவே பலகைக்கு மாற்றாகப் பூச்சு அமையாது. வெப்பச் செலவு பாதியாகும் என நம்பிப் பணம் செலவிடுவோர் ஏமாற்றமே அடைவர்.

அமெரிக்க விண்ணோடங்களின் திண்ம எரிபொருள் ஊக்கிகள் மீதும் தக்கை கலந்த பூச்சு தெளிக்கப்பட்டது. அங்கு அது சில நிமிடக் கடும் வெப்பத்தில் கருகித் தேய்ந்து உலோகத்தைக் காத்தது. குளிர்காலம் முழுவதும் வீட்டின் வெப்பத்தைக் காப்பது வேறு பணி.

பாதுகாப்புப் பயன்கள்

பூச்சின் உண்மையான வலிமை மழைக் காப்பில் உள்ளது. நெகிழ்வுத்தன்மை இருப்பதால் மயிரிழை வெடிப்புகளின் மேல் கிழியாமல் நிற்கிறது. நனைந்த செங்கல் உலர்ந்த செங்கல்லை விட அதிக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மழைநீரில் ஊறும் சுவரை உலர வைப்பதால் மறைமுகமாகவும் சிறிது வெப்பம் மிச்சமாகிறது. உட்சுவரில் பூசும்போது, தொடுபரப்பின் குளிர்ச்சி சற்றுக் குறைவதால் நீர்த்துளி படிவதும் குறையலாம்.

நீராவியை ஓரளவு வெளியேற விடும் என்றாலும், அக்ரிலிக் கலந்த இப்பூச்சு சுண்ணாம்புக் காரை அளவுக்குத் திறந்ததன்று. சுண்ணாம்பில் கட்டிய பழைய கற்சுவர்களில் இதைப் பூசுமுன் ஆராய்வது தேவை. உடைந்த மழைநீர்க் குழாய், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பூசும் முறை

சுவரில் உள்ள பாசியும் உதிரும் பழைய வண்ணமும் நீக்கப்பட்டு, பெரிய வெடிப்புகள் அடைக்கப்படும். சன்னல்கள் மூடப்பட்டு, அடிப்பூச்சு காய்ந்தபின் இரண்டு முறை தெளிக்கப்படும். மழையிலும் உறைபனியிலும் இவ்வேலை செய்யப்படுவதில்லை.