பாரிசவாதத்தின் பின் நடை: உடலும் சூழலும்

பாரிசவாதத்தால் வீழ்ந்தவர் மீண்டும் நடப்பாரா என்னும் வினாவை நாம் பெரும்பாலும் மூளையின் சேதத்தோடு மட்டுமே தொடர்புபடுத்தி நோக்குகின்றோம். அம்பாறை மாவட்டத்தின் இறக்காமப் பிரதேசத்திலுள்ள வரிப்பத்தான்சேனை போன்றதொரு நெற்செய்கைக் கிராமத்தில் நின்று இவ்வினாவை எழுப்பின், அதன் விடை மருத்துவ எல்லைக்குள் மட்டும் அடங்குவதன்று என்பது புலனாகும்.

மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ குருதிக்கலன் வெடிப்பதாலோ பாரிசவாதம் ஏற்படுகின்றது. காலின் பலவீனம் மட்டுமன்றி, சமநிலை குலைதல், தசை விறைத்தல், பாதம் ஊன்றியதை உணராமை, உடலின் ஒரு பக்கத்தைக் கவனியாது விடல், விழுந்துவிடுவோமென்ற அச்சம், மனச்சோர்வு ஆகியனவும் நடையைத் தடுக்கின்றன.

1995 இல் வெளியான கொப்பன்ஹேகன் ஆய்வு 804 நோயாளரை அவதானித்தது. தொடக்கத்தில் அவர்களுள் 51 வீதத்தினர் நடக்கவியலாதிருந்தனர். நடையில் தாம் எய்தக்கூடிய மீட்சியை 95 வீதத்தினர் முதல் 11 வாரங்களுள் எய்தினர். 2011 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றின்படி, முதல் 72 மணித்தியாலங்களுள் 30 விநாடிகள் துணையின்றி அமரவும், பாதிப்புற்ற காலைச் சிறிதேனும் அசைக்கவும் இயன்றோர் ஆறு மாதங்களில் தனித்து நடப்பதற்கான வாய்ப்பு 98 வீதமாகும். எனினும் விரைவு வேறு, அவசரம் வேறு. முதல் 24 மணித்தியாலங்களுள் அடிக்கடி எழுப்பி நடமாடச் செய்தல் நற்பலனைக் குறைத்ததென 2,104 நோயாளரைக் கொண்ட 2015 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று.

வைத்தியசாலையின் வழுவழுப்பான தரையில் நடப்பவர் மணல் ஒழுங்கையிலும் வயல் வரம்பிலும் நடப்பாரென்பது நிச்சயமன்று. வினாடிக்கு 0.4 மீற்றருக்குக் குறைந்த வேகம் வீட்டினுள் நடமாடவே போதுமென்றும், வெளியிடங்களில் தடையின்றி நடமாட 0.8 மீற்றர் வேண்டுமென்றும் ஆய்வாளர் வகுத்துள்ளனர். இவ்விரு எண்களுக்குமிடையில் ஒரு கூலி விவசாயியின் பிழைப்பே தங்கியுள்ளது. இருந்து தொழ மார்க்கம் இடமளிக்கின்றது. ஆயினும் ஜும்ஆவுக்குச் சென்று ஊராருடன் கூடவியலாமை சமூக இழப்பேயாகும். பெண்ணுக்கு வீட்டெல்லை நடையே போதுமெனக் கருதப்படுமிடத்துப் பயிற்சியும் அவ்வெல்லையிலேயே நின்றுவிடுகின்றது. வருத்தக்காரரை அசையவிடாது பணிவிடை செய்வது அன்பே. ஆயின் இயங்காத கால் மேலும் நலிவுறும்.

இந்நிலையில் 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நம் கவனத்துக்குரியது. 408 நோயாளருட் சிலர், உடற்பாரத்தைத் தாங்கி நடக்கவைக்கும் இயந்திரத்தில் பயிற்றப்பட்டனர். ஏனையோர் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் வீட்டிலேயே வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டின் பின் இரு சாராரின் முன்னேற்றமும் ஒத்திருந்தது. ஆறு மாதங்கள் கழித்து இயந்திரப் பயிற்சியைத் தொடங்கியோரும் பின்தங்கவில்லை.

ஆகவே, தீர்மானிப்பது விலையுயர்ந்த இயந்திரமன்று. முறையான, இடைவிடாத பயிற்சியே. நாட்கூலியை இழந்து, பஸ்ஸேறி, தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு வாரந்தோறும் நோயாளியை அழைத்துச் செல்ல ஏழைக் குடும்பத்தால் இயலாது. இயன்மருத்துவர் கிராமத்து வீட்டுக்கு வருவதும், குடும்பத்தார் பயிற்றப்படுவதும், மலசலகூடத்திற் பிடிகம்பி பொருத்தப்படுவதும், ஒழுங்கை செப்பனிடப்படுவதும் சிகிச்சையின் பகுதிகளே. அவை கிட்டாதவிடத்து, நடக்கக்கூடிய ஒருவர் பாயிலேயே கிடப்பதற்கு நோயை மட்டும் குற்றஞ்சாட்டல் நியாயமாகாது.