பிக்கப்பின் கதவடித் தகட்டை எப்படிக் காப்பது?

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வைத்திருப்பதை நாம் பல கிராமங்களிற் காண்கின்றோம். விதைநெல், உரம், மரக்கறி மூடை எல்லாம் அதிலேதான் போகின்றன. இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதிலேதான். பல தடவை இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு வாகனத்தின் பெறுமதியை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 இலேதான். விலையோ கமக்காரரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருக்கின்ற வாகனத்தை இன்னும் பத்து வருடம் ஓட வைப்பதே எமக்குள்ள வழி.

அப்படி ஓட வேண்டிய வாகனம் முதலில் உக்கத் தொடங்கும் இடங்களில் ஒன்று கதவுக்குக் கீழே இருக்கின்றது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில், கதவின் அடியில், நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். ஏறும்போது காலில் தட்டுப்படுவது அதுதான். கராஜ்காரர் சிலர் அதைச் 'சில்' என்பர். அமெரிக்கர் 'றொக்கர் பனல்' என்பர். நாம் இங்கே கதவடித் தகடு என்றே சொல்லுவோம். வெளியே பார்த்தால் கெட்டியான சட்டம் போலத் தெரியும். உள்ளே வெறும் கூடு. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடுகள் இரண்டு மூன்றை மடித்து, பொட்டுப் பொட்டாக ஒட்டி இணைத்திருப்பார்கள். உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்கு அடியிற் சிறு துவாரங்கள் இருக்கும்.

தார் றோட்டில் ஓடும் வாகனத்துக்கு இந்தத் தகட்டினால் அதிக தொல்லை இல்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் போகின்ற வாகனத்துக்கே தொல்லை. வாகனம் ஒரு கட்டிலே குறுக்காக ஏறி மறுபக்கம் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். முன் சில்லு இறங்கிவிட்டது, பின் சில்லு இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் கட்டின் முதுகு வாகனத்தின் நடு வயிற்றிலும் இரு பக்கக் கதவடியிலும் படுகின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். சுசுகி ஜிம்னியில் அந்தத் தூரம் 2,250 மில்லிமீற்றர். 2005 அளவில் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப்பில் 3,085 மில்லிமீற்றர். ஜிம்னி தாண்டிப் போன கட்டிலே ஹைலக்ஸ் குந்திவிடலாம். பின்னால் நெல் மூடை ஏற்றி வில்லுத் தகடுகள் தணிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். புதிதாகத் துப்புரவாக்கிய காணிகளிற் பாலை, வீரை அடிக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்து நிற்கும். மாரியிற் சேற்றிலே சறுக்கும் வாகனம் பக்கப்பாடாகப் போய் மதகுக் கட்டின் மூலையில் உரசும்.

ஒரு நெளிவுதானே என்று விட்டுவிடுகின்றோம். ஆனால், நெளிந்த இடத்தில் நிறப்பூச்சு வெடித்துவிடுகின்றது. அடியிலுள்ள வடிதுவாரம் நசிந்து அடைபடுகின்றது. பிறகு உள்ளே போன தண்ணீரும் வயற் சேறும் வெளியேற வழியில்லை. கறள் உள்ளேயிருந்து வெளியே வரும். வெளிப்பக்கத்திற் கொப்புளம் தெரியும்போது உட்பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. உரமும் இதற்குக் கூட்டாளி. மியூரியேற் ஒப் பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொற்றாசியம் குளோரைட்டு. கறியுப்பைப் போலவே இரும்பைத் தின்னும். அந்தப் பையைப் பின் ஆசனத்தின் காலடியில் வைத்துக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

மினுங்கும் குழாய்

காப்பு வேண்டும் என்று கடைக்குப் போனால், முதலிற் காட்டுவது மினுங்கும் குழாய்ப்படியைத்தான். நல்ல வடிவாக இருக்கும். நாம் அதை வெறுக்கவில்லை. உயரமான வாகனத்தில் வயது போனவர்களும் பிள்ளைகளும் ஏற அது உதவும். ஆனால் அது படி; காப்பு அல்ல. பெரும்பாலும் மெல்லிய குழாய். அதைத் தாங்குகின்ற கால்களைச் சிறு ஆணிகளால் கதவடித் தகட்டிலேயே பூட்டியிருப்பார்கள். அடிக்கட்டையில் மோதினால் குழாய் வளைந்து, பூட்டிய இடத்தில் தகட்டையும் கிழித்துக்கொண்டு போகும். எதைக் காக்க வாங்கினோமோ அதையே அது கெடுக்கின்றது.

புள்ளி போட்ட அலுமினியத் தகட்டைக் கதவடித் தகட்டின்மேல் ஒட்டி ஆணி அடிப்பது இன்னொரு வழக்கம். சிறு கல் தெறிப்பதை அது தடுக்கும். பாரமான அடிக்கு உதவாது. அதைவிட, இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் தங்கும். ஆணிக்காகத் துளைத்த ஒவ்வோர் ஓட்டையும் கறளுக்கு ஒரு வாசல். நடக்கும் அழிவையும் அது மூடி மறைத்துவிடும். பழைய வாகனம் வாங்கப் போகும்போது இந்த அலுமினியத் தகட்டைக் கண்டால், அதைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கழற்ற மறுக்கின்றவரிடம் வாங்க வேண்டாம்.

படிக்கும் காப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய ஒரேயொரு கேள்வி போதும். "இதற்குக் கீழே ஜக்கை வைத்து இந்தப் பக்கத்தைத் தூக்கலாமா?" தூக்கலாம் என்றால் அது காப்பு. தூக்கினால் வளையும் என்றால் அது படி. ஏனெனில் கட்டிலோ கல்லிலோ வாகனம் குந்தும்போது நடப்பதும் அதுவேதான்: ஒரு பக்கத்துப் பாரம் முழுவதும் அந்தக் குழாயிலே இறங்குகின்றது.

எதிலே பூட்டுவது?

குழாயின் பருமனைவிட, அதை எதிலே பூட்டுகின்றோம் என்பதே முக்கியம் என்பது எமது கருத்து. ஹைலக்ஸ், மிற்சுபிசி எல்200, இசுசு டி-மக்ஸ் போன்ற பிக்கப்புகளில் ஏணி போன்ற உருக்குச் செசி அடியில் இருக்கின்றது. அதன்மேல் றப்பர் புஷ்களை வைத்தே பொடியை இருத்தியிருக்கிறார்கள். காப்புக் குழாயின் கால்கள் இந்தச் செசியிலே பிடிக்க வேண்டும். பொடியிலே தொடவே கூடாது. ஓடும்போது பொடி றப்பரின்மேல் அசையும். ஆதலால் குழாய்க்கும் கதவடித் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடைவெளி இருக்கட்டும். அதற்காக அதிகம் தாழ்த்தித் தொங்கவிடவும் கூடாது. தாழ்ந்த அளவுக்கு நிலத்திலிருந்து உள்ள உயரத்தை இழக்கின்றோம்.

பழைய லான்ட் றோவர் டிபென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதில் வெளித்தகடுகள் அலுமினியம், செசி உருக்கு. கதவடித் தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே காப்புக் குழாயைப் பூட்டுகின்ற வகை அதற்கென்றே உண்டு.

ஹொண்டா சீ.ஆர்.-வீ., ரொயோட்டா றாவ்4 போன்றவற்றுக்குத் தனிச் செசி கிடையாது. பொடியே முதுகெலும்பு, கதவடித் தகடு அந்த முதுகெலும்பின் ஒரு பகுதி. அங்கே அது உக்கினால் வாகனம் முழுவதும் பலவீனமாகின்றது. அத்தகைய வாகனத்தை வரம்பு தாண்ட விடாமல் இருப்பதே அதற்குக் காப்பு. சிறிய டிமோ பட்டாவும் அப்படித்தான். பன்னிரண்டு அங்குலச் சில்லில் ஓடுகின்ற வாகனத்துக்குக் குழாய் பூட்டுவது வீண் செலவு.

இனிக் குழாய். கடையில் வாங்கிப் பூட்டுவதென்றால், உங்கள் வாகனத்தின் செசிக்கென்றே செய்து, செசியில் ஏற்கெனவே உள்ள துவாரங்களிற் பூட்டக்கூடியதைத் தெரிவு செய்யுங்கள். ஊரிலே செய்விப்பதென்றால், தண்ணீர்க் குழாய் விற்கும் கடையிலேயே பொருள் கிடைக்கும். ஒன்றரை அங்குல இரும்புக் குழாயின் வெளி விட்டம் 48.3 மில்லிமீற்றர். நடுத்தர வகையில் சுவரின் தடிப்பு 3.2 மில்லிமீற்றர், பாரமான வகையில் 4. நடுத்தர வகையே போதும். மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். சதுரமான பொக்ஸ் பாரைச் சிலர் விரும்புவர். வளையாத பலம் அதற்கு உண்டு. ஆனால் அதன் மூலை கல்லிலே கொளுவி நிற்கும். உருண்டை சறுக்கிக்கொண்டு போகும். சறுக்க வேண்டும் என்பதற்காகவே வெளிநாட்டில் இதற்கு 'றொக் சிலைடர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கத்துக்கு 1.7 மீற்றர் நீளமான இரண்டு குழாய்களும், நான்கு கால்களுக்குச் சேர்த்து ஒரு மீற்றரும் போகும் என்று வைப்போம். நடுத்தரக் குழாய் மீற்றருக்கு ஏறக்குறைய 3.6 கிலோ. கால்களைச் செசியோடு பிடிக்கும் 6 மில்லிமீற்றர் தகடுகளையும் சேர்த்தால் பக்கத்துக்கு 19 கிலோ அளவில் வரும். இரண்டு பக்கமும் ஓர் உரமூடையைவிடக் குறைவு. இதைவிட மிகப் பாரமாகச் செய்து தருவோம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நான்கு கால் என்பது எமது விருப்பம். மூன்றுக்குக் குறையக் கூடாது. இரண்டு கால் போட்டால் நடுவில் அடிபடும்போது குழாய் வளையும். வெளிக்குழாயைச் சற்று மேல்நோக்கிச் சரித்து வைத்தால் அடிக்கட்டையில் இலகுவிற் கொளுவாது. ஏறும் படியாகவும் அது வேண்டுமென்றால் சரிவைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு தேவையையும் ஒரே குழாய் நிறைவேற்றும். மினுங்கும் படிக்கு வேறாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஆணியிலா, ஒட்டிலா?

செசியிற் போதிய துவாரங்கள் இருந்தால் ஆணியிற் பூட்டுவதையே நாம் விரும்புகின்றோம். கழற்றிக் கழுவலாம், வாகனம் கைமாறினால் குழாயை வைத்துக்கொள்ளலாம், செசியில் நெருப்புப் படாது. 8.8 என்று தலையிற் பொறித்த ஆணிகளையே பாவிக்க வேண்டும். புதிதாகத் துளைக்க நேர்ந்தால் செசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளைக்க வேண்டாம். பாரத்தை அதிகம் தாங்குவது அந்த இரண்டு விளிம்புகளுமே.

ஒட்டுவதானால் குழாய்க் காலை நேரே செசியில் ஒட்டக் கூடாது. முதலில் ஒரு சாண் நீளமான 6 மில்லிமீற்றர் தகட்டைச் செசியின் பக்கச் சுவரில் வைத்து, நீளவாக்கில் மாத்திரம் ஒட்டி, அந்தத் தகட்டின்மேல் காலை ஒட்ட வேண்டும். செசிக்குக் குறுக்காக மேலிருந்து கீழே ஒட்டுப் போட்டால், பிற்காலத்தில் அந்தக் கோட்டிலேயே வெடிப்புக் கிளம்பக்கூடும். ஒட்டு வேலை தொடங்கு முன் பற்றறி வயர்களைக் கழற்றி விடுங்கள். மறுபக்கத்தில் டீசல் தாங்கியோ பிறேக் குழாயோ வயர்க்கட்டோ இல்லையென்று குனிந்து, கையால் தடவிப் பார்த்த பின்னரே நெருப்பு வைக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய்களிற் பல நாகம் பூசியவை. அதை அப்படியே ஒட்டினால் வெண்புகை கிளம்பும். அந்தப் புகையை முகர்ந்தவருக்குச் சில மணித்தியாலங்களின் பின், அனேகமாக அன்றிரவே, மலேரியா போல நடுக்கமும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் மாறிவிடும் என்றாலும் விளையாட்டான காரியம் அல்ல. பால் குடித்தால் சரி என்று ஒட்டுவேலைக்காரர் சொல்லுவார்கள். பால் இதைத் தடுக்காது. ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முற்றாகத் தேய்த்தெடுத்து, காற்றோட்டமான வெளியில் வைத்து ஒட்டுவதே பாதுகாப்பு. தேய்ப்பவர் வாயையும் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும்.

குழாய் பூட்டிய பின் எங்கும் போகலாம் என்ற துணிவு வரும். அங்கே ஒரு சொல். இந்தக் குழாய் கல்லுக்கும் கட்டைக்கும் மட்டுமே. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் உள்ளன. குறி போட்ட பற்றைக்குள்ளும், எவரும் பாவிக்காத பழைய பாதையிலும் எந்தக் காப்பு இருந்தாலும் வாகனத்தை விடாதீர்கள். ஒரு கட்டையை விலத்துவதற்காகச் சில்லுத் தடத்தை விட்டு இறங்குவதும் அங்கே கூடாது.

ஏற்கெனவே உக்கிய தகட்டுக்கு மேல் காப்புக் குழாய் பூட்டி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுத்தியலின் பிடியால் கதவடித் தகட்டை நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் மாறி மந்தமாகக் கேட்கும் இடத்திலும், தகடு அமரும் இடத்திலும் கறள் இருக்கின்றது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டுவதற்கே முதற் பணம் போக வேண்டும். கறளின்மேல் தார் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

குழாய் பூட்டி முதல் ஐந்நூறு கிலோமீற்றரின் பின் ஆணிகளை ஒருமுறை இறுக்குங்கள். பிறகு போகத்துக்கு ஒருமுறை இறுக்கினாற் போதும். உழவுக் காலத்தில் வயலாற் திரும்பிய வாகனத்தைக் கழுவும்போது, குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவிலே சேர்ந்த சேற்றைத் தண்ணீர் பாய்ச்சி எடுத்துவிடுங்கள். மாரி தொடங்கு முன் மெல்லிய கம்பி ஒன்றை வடிதுவாரங்களுக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள். மண் கொட்டினால் நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த ஒரு வெயில் நாளில், அதே துவாரங்களின் வழியே உள்ளே மெழுகெண்ணெய் விசிறிவிடலாம். அது கிடைக்காத இடத்தில் பழைய கியர் எண்ணெயும் உதவும். ஆனால் றப்பர் புஷ்களிற் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.